வாசலில் நிற்பவருக்கே முதல் தவணை

ஒரு வீட்டில் ஆறு கடன் இருக்கிறது என்று வையுங்கள். கையில் திடீரென்று பதினைந்தாயிரம் ரூபாய் வருகிறது. அது எந்தக் கடனுக்குப் போகும்? வட்டி அதிகமுள்ள கடனுக்கு என்று கணக்கு வாத்தியார் சொல்வார். நம் வீடுகளில் அப்படி நடப்பதில்லை. யார் வாசலில் வந்து நிற்கிறாரோ, யார் குரலை உயர்த்துகிறாரோ, யார் முகத்தில் அடுத்த கல்யாணத்தில் விழிக்க வேண்டுமோ, அவருக்குத்தான் முதலில் போகும். சத்தமில்லாமல் செல்போனில் குறுஞ்செய்தி மட்டும் அனுப்புகிற கிரெடிட் கார்டுக்குக் கடைசியில் 'மினிமம் டியூ' கட்டப்படும். வங்கிப் பெட்டகத்தில் கிடக்கும் நகையின் நினைவு, ஏல நோட்டீஸ் வரும்போதுதான் வரும்.

நாம் கடனை வட்டியைப் பார்த்து அடைப்பதில்லை, முகத்தைப் பார்த்து அடைக்கிறோம். மாதச் சம்பளம் வாங்கும் சென்னைக் குடும்பமானாலும் வாரக் கூலி வாங்கும் திருப்பூர்க் குடும்பமானாலும் இந்த ஒரு பழக்கம் மாறாத வரை, எத்தனை போனஸ் வந்தாலும் கடன் குறையாது. மானத்துக்கு அஞ்சும் குணம் தப்பு என்று நான் சொல்லவில்லை. வட்டி குறைவான கடனுக்கெல்லாம் அந்த மானம் காவல் நின்று, அதிகமான கடனைக் கொழுக்க விடுகிறது என்பதுதான் என் புகார்.

ஒரு கற்பனைக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். திருப்பூர். கணவர் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர், மனைவி செக்கிங் வேலை. சனிக்கிழமை இருவரும் சேர்ந்து 8,500 ரூபாய் கொண்டுவருகிறார்கள். மாதத்துக்குச் சுமார் 34,000. வங்கியில் நகைக்கடன் 1,20,000 ரூபாய், ஆண்டுக்கு 10 சதவீதம். கிரெடிட் கார்டில் 60,000 நிலுவை. மனைவி பெயரில் தனியார் நிறுவனத்துக் குழுக் கடன் 40,000. பைக்குக்கு இரண்டு வருடத் தவணையில் வாங்கிய ஒரு லட்சம். மார்க்கெட்டில் தண்டல் 10,000. மச்சானிடம் கைமாற்று 50,000, அதற்கு வட்டி கிடையாது.

இந்த ஆறுக்கும் வட்டி என்ன என்று அந்த வீட்டில் கேட்டால், ஒவ்வொன்றுக்கும் பதில் ஒவ்வொரு கணக்கில் வரும். வங்கிக்காரர் ஆண்டுக்குச் சொல்கிறார். கார்டு மாதத்துக்குச் சொல்கிறது. இந்தப் பட்டியலில் இல்லாத வட்டிக்கடைக்காரரோ "மூணு வட்டி", "அஞ்சு வட்டி" என்கிறார். நூறு ரூபாய்க்கு மாதம் மூன்று ரூபாய் என்று பொருள். ஆண்டுக்கு 36 சதவீதம் என்று அவர் சொல்ல மாட்டார், நாமும் கேட்டதில்லை. பைக் ஷோரூமில் "வெறும் 12 பர்சென்ட், பிளாட்" என்பார்கள். தண்டல்காரர் வட்டி என்ற பேச்சையே எடுப்பதில்லை. 8,500 ரூபாயை எண்ணிக் கொடுத்துவிட்டு, "நூறு நாள், நாளைக்கு நூறு" என்று ஒரு அட்டையை நீட்டுவார், அவ்வளவுதான்.

இவை எல்லாவற்றையும் ஆண்டுக்கு எத்தனை சதவீதம் என்று ஒரே அளவில் மாற்றினால் பாதி மயக்கம் தெளியும். பைக் கடனில் இரண்டு வருடத்துக்கும் சேர்த்து 24,000 வட்டி, மாதத் தவணை 5,167. ஆனால் மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வரும்போதும் முழு லட்சத்துக்குமே வட்டி போட்டிருக்கிறார்கள். உண்மையில் அது ஆண்டுக்கு ஏறத்தாழ 21.6 சதவீதக் கடன். தண்டலைக் கணக்கிட்டால் 120 சதவீதத்தைத் தொடுகிறது. கார்டு மாதம் 3.5 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 42. வட்டி மீது 18 சதவீத ஜிஎஸ்டி வேறு. குழுக் கடன் 24 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். மச்சானுக்குச் சுழியம்.

கார்டைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், அதிகம் ஏமாற்றுவது அதுதான். அறுபதாயிரத்துக்கு ஒரு மாத வட்டி 2,100, ஜிஎஸ்டி 378. குறைந்தபட்சத் தொகை 5 சதவீதம் என்று 3,000 ரூபாய் கட்டினால், அசலில் குறைவது 522 ரூபாய். அந்த மாதம் அதே கார்டில் அறுநூறு ரூபாய்க்கு மளிகை வாங்கியிருந்தால் கடன் குறையவே இல்லை, ஏறியிருக்கிறது. நிலுவை இருக்கும் வரை, புதிதாக வாங்குவதற்கு அந்த நாற்பது ஐம்பது நாள் வட்டியில்லாத சலுகையும் கிடையாது. வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். இதைத் தெரியாமல் ஒழுங்காக மினிமம் கட்டிக்கொண்டு, "நான் ஒரு மாசம்கூட டியூ விட்டதில்ல சார்" என்று பெருமையாகச் சொல்பவர்கள் ஏராளம். கார்டு நிறுவனத்துக்கு அவர்களைவிடப் பிடித்த வாடிக்கையாளர் கிடையாது.

இப்போது தீபாவளி போனஸ் 15,000 வருகிறது. வீட்டில் என்ன பேச்சு நடக்கும் என்பது நமக்குத் தெரியும். "உங்க அண்ணன் முகத்துல எப்படி முழிக்கிறது, அவருக்குக் குடுத்துருவோம்" என்பார் கணவர். கொடுத்தால் வட்டியில் ஒரு ரூபாய்கூட மிச்சமில்லை. அதே தொகையைக் கார்டில் கட்டினால் மாதம் சுமார் 620 ரூபாய் வட்டியும் வரியும் நிற்கும். வருடத்துக்கு ஏழாயிரத்துக்கு மேல். தண்டலுக்கு 120 சதவீதம் ஆயிற்றே, அதை முதலில் முடிக்கலாமே என்று தோன்றும். அங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது. தண்டல்காரர் வட்டியைக் கொடுக்கும்போதே பிடித்துக்கொண்டார். அவர் தள்ளுபடி தந்தாலொழிய முன்கூட்டி முடித்தால் லாபமில்லை. அட்டை முடியும் வரை நூறு நூறாகக் கட்டிவிட்டு, "அடுத்த அட்டை போடட்டுமா?" என்று அவர் கேட்கும் நாளில் வேண்டாம் என்பதுதான் அங்கே அடைப்பு.

மச்சானை என்ன செய்வது? அவரிடம் ஒரு தேதி சொல்ல வேண்டும். மாதம் 2,000 என்று பேசி, சொன்ன தேதியில் ஜிபே பண்ணிவிட வேண்டும். உறவுக்காரர்களுக்குக் கோபம் வருவது பெரும்பாலும் பணம் தாமதமாவதால் அல்ல, நாம் அவர்களைக் கண்டால் ஒதுங்கிப் போவதால்.

சின்னக் கடன்களை முதலில் முடித்து, கடன்களின் எண்ணிக்கையைக் குறைக்கும் வழியைச் சிலர் பரிந்துரைப்பார்கள். மனத்துக்குத் தெம்பு வரும் என்பது அவர்கள் வாதம். அதில் உண்மை உண்டு. எட்டுக் கடன் நான்கானால் வீட்டில் தூக்கம் வரும். ஆனால் 40 சதவீதத்தைத் தாண்டும் கடன் ஒன்று உள்ளே இருக்கும்போது அந்தத் தெம்புக்குக் கொடுக்கும் விலை அதிகம் என்பது என் கட்சி. முதலில் அந்தப் பெரிய வட்டி, பிறகு மனம் போல் செய்யலாம்.

ஒளித்து வைத்த இரண்டு பக்கங்கள்

இத்தனையும் எழுத ஒரே ஒரு தாள் போதும். அந்தத் தாளை எழுதுவதுதான் நம் வீடுகளில் கடினமான வேலை. ஏனென்றால் முழுக் கணக்கு யாரிடமும் இல்லை. மனைவி சேமிப்பை ஒளித்து வைக்கிறார், கணவர் கடனை ஒளித்து வைக்கிறார். 2016 நவம்பர் 8-ஆம் தேதி இரவு 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தபோது, அரிசிப் பானையிலிருந்தும் அஞ்சறைப் பெட்டியிலிருந்தும் சிறுவாட்டுப் பணம் வெளியே வந்து எத்தனை கணவர்களைத் திகைக்க வைத்தது! குடிக்கோ சூதாட்டத்துக்கோ போய்விடும் என்ற அச்சத்தில் ஒளித்த பணம் அது. அந்த அச்சத்தைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் ஒரு பக்கம் இருபதாயிரம் சும்மா உறங்க, மறுபக்கம் அதே வீட்டில் ஒருவர் ஐந்து வட்டிக்கு இருபதாயிரம் வாங்கியிருப்பார். மாதம் ஆயிரம் ரூபாய் வீணாக வெளியே போவது இருவருக்கும் தெரியாது.

கணக்கு எழுதத் தெரியாதவர்கள் நாம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. மொய் நோட்டைப் பாருங்கள். யார் வீட்டுக் காதுகுத்துக்கு யார் 501 வைத்தார்கள், திருப்பிச் செய்தாயிற்றா, எவ்வளவு கூட்டிச் செய்தோம் என்பதெல்லாம் இருபது வருடத்துக்கு முந்தையது வரை ஊர் வாரியாக இருக்கும். பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு பக்கம் ஆடி, ஆவணியில் நடக்கும் மொய் விருந்துகளில் லட்சக்கணக்கில் வசூலாகும். எல்லாம் எழுத்தில்தான். மொய் என்பதே வட்டியில்லாமல் சுற்றிவரும் கடன். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை விருந்து வைத்து வாங்கியதை, பிறகு ஒவ்வொருவர் விருந்திலும் கூட்டித் திருப்ப வேண்டும். அந்த நோட்டின் அடுத்த பக்கத்தில் கடன் கணக்கும் ஏறலாம். மொய்யையும் கடன் பட்டியலில் சேர்த்தே எழுதுங்கள். வாங்கிய மொய்யில் வீடு கட்டிவிட்டு, திருப்பிச் செய்ய வட்டிக்கு வாங்கியவர்கள் அந்தப் பக்கத்தில் உண்டு.

பெண்கள் பெயரில் இருக்கும் குழுக் கடனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 'குழு' என்று நாம் ஒரே பெயரில் அழைப்பதில் இரண்டு வகை இருக்கின்றன. 1989-ல் தருமபுரியில் அரசின் மகளிர் மேம்பாட்டு நிறுவனம் தொடங்கி வைத்த சுய உதவிக்குழுவில் முதலில் சேமிப்பு, பிறகு உள்கடன், அப்புறம்தான் வங்கிக்கடன். உள்கடனுக்குக் கட்டும் வட்டி குழுவுக்கே திரும்பி வரும். தனியார் மைக்ரோ ஃபைனான்ஸ் நிறுவனங்கள் நடத்தும் குழுவில் சேமிப்பு கிடையாது. முதல் நாளே கடன்தான். வாரம் ஒரு சென்டர் மீட்டிங். ஒருவர் தவணை கொண்டுவரவில்லையென்றால் மற்றவர்கள் எழுந்திருக்க முடியாது, அல்லது அவருக்கும் சேர்த்துப் போட வேண்டும். அந்த வெட்கத்துக்கு அஞ்சித்தான் ஒரு குழுவின் தவணைக்கு இன்னொரு குழுவில் வாங்குவது தொடங்குகிறது.

2022 ஏப்ரல் முதல் அமலில் உள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி, ஆண்டு வருமானம் 3 லட்சம் வரை உள்ள குடும்பத்துக்கு ஈடில்லாமல் தரும் கடன் மைக்ரோ ஃபைனான்ஸ் கடன் எனப்படும். அந்தக் குடும்பம் எல்லாக் கடன்களுக்குமாக மாதம் கட்டும் தொகை வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்றும் அந்த விதி சொல்கிறது. வருமானத்தைக் கூட்டி எழுதினால் வரம்பும் கூடிவிடும். கையெழுத்துப் போடும் முன் விண்ணப்பத்தில் உங்கள் வருமானம் என்று என்ன எழுதியிருக்கிறார்கள் என்று ஒருமுறை படித்துப் பாருங்கள். வசூலுக்கும் நேரம் உண்டு. மைக்ரோ ஃபைனான்ஸ் கடனுக்குக் காலை 9-க்கு முன்போ மாலை 6-க்குப் பிறகோ அழைக்கக் கூடாது. மற்றக் கடன்களுக்குக் காலை 8 முதல் இரவு 7 வரை. மீறினால் முதலில் அந்த நிறுவனத்திடம் எழுத்தில் புகார் தர வேண்டும். அது தீர்த்து வைக்காவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது.

கந்துவட்டிக்கு அந்த எண் உதவாது. அது காவல் நிலைய விவகாரம். கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று பெயர் சொல்லியே தடை செய்கிற சட்டம் தமிழ்நாட்டில் 2003 முதல் இருக்கிறது. மூன்றாண்டு வரை சிறை. சட்டம் இருந்தும் 2017 அக்டோபரில் நெல்லை ஆட்சியர் அலுவலக வளாகத்தில், பலமுறை மனு கொடுத்த ஒரு குடும்பம் குழந்தைகளோடு தீக்குளித்து மாண்டது. 2025-ல் நிறுவனங்களின் கட்டாய வசூலுக்கு எதிராகவும் சட்டப்பேரவை ஒரு சட்டம் கொண்டுவந்தது. மனுவோடு நின்றுவிடாமல் ரசீது வாங்குவது, மிரட்டலைப் பதிவு செய்து வைப்பது, மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச வழக்கறிஞரைக் கேட்பது ஆகியவை அவசியம்.

பேசாத கடன்

நகைக்கடனைத் தமிழ்க் குடும்பங்கள் கடனாகவே மதிப்பதில்லை. "நகைதானே வச்சிருக்கோம்" என்போம். வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ வைக்கும்போது நம் கைக்கு எட்டும் கடன்களில் வட்டி குறைந்தது அதுதான் என்பதும் உண்மை. அதனால் இங்கே ஒரு யோசனை சொல்லலாம். போனஸைக் கட்டியபின் கார்டில் மிச்சமிருக்கும் 45,000-க்கு மாதம் வட்டியும் வரியும் சுமார் 1,860 ரூபாய். அதையே பத்து சதவீத நகைக்கடனாக மாற்றினால் 375 ரூபாய். கணக்குப்படி வளையலைக் கழற்றி வங்கியில் வைத்து கார்டை மூடிவிடுவது புத்திசாலித்தனம். ஒரே ஒரு நிபந்தனை. அன்றைக்கே அந்த கார்டை ரத்து செய்ய வேண்டும். இல்லையென்றால் ஆறே மாதத்தில் வளையலும் வங்கியில் இருக்கும், கார்டிலும் பாக்கி இருக்கும். அந்தக் கட்டுப்பாடு வீட்டில் வராது என்று தெரிந்தால் இந்த வழியைத் தொடவே தொடாதீர்கள். நிலுவையைத் தவணையாக மாற்றித் தரும்படி கார்டு நிறுவனத்திடமே கேளுங்கள். வட்டி பாதியளவுக்குக்கூடக் குறைய வாய்ப்புண்டு.

நகை விலை ஏறுவதும் இதில் ஒரு ஆபத்து. 2025-ல் சவரன் 90,000 ரூபாயைத் தாண்டியது. மூன்று வருடத்துக்கு முன் வைத்த அதே ஆரத்துக்கு இன்று ஏறத்தாழ இரண்டு மடங்கு பணம் தரத் தயாராக இருக்கிறார்கள். மாற்றி வைத்தால் கையில் ஒரு தொகை நிற்கிறது. சம்பாதித்தது போலவே இருக்கும். ஆனால் நகை மீட்கும் நாள் அதே அளவுக்குத் தள்ளிப் போயிருக்கிறது. 2026 ஏப்ரல் முதல் இரண்டரை லட்சம் வரையான நகைக்கடனுக்கு மதிப்பில் 85 சதவீதம் வரை தரலாம் என்று ரிசர்வ் வங்கி வரம்பைத் தளர்த்தியிருக்கிறது. கொடுப்பார்கள் என்பதற்காக வாங்க வேண்டியதில்லை.

நகைக்கடன் பேசாது. மாதத் தவணை கேட்காது. ஆண்டு முடிவில் வட்டியோடு மொத்தமாக நிற்கும். அப்போது வட்டி கட்டக் காசில்லாமல் வெளியே வாங்கி மாற்றி வைப்போம். இதற்கு எளிய வழி, மாதாமாதம் அந்தக் கடன் கணக்கில் கையில் இருப்பதைக் கட்டுவது. ஐநூறு ரூபாய் கட்டினால்கூட வாங்கிக்கொள்வார்கள். எத்தனை பேர் கட்டுகிறார்கள் என்று கவுன்ட்டரில் கேட்டுப் பாருங்கள். பல உருப்படிகள் இருந்தால் ஒரே பொட்டலமாக வைக்காமல் இரண்டு மூன்று கடனாகப் பிரித்து வைப்பது நல்லது. பணம் சேரச் சேரச் சின்ன உருப்படியாக மீட்டுக்கொண்டு வரலாம். பொட்டலம் ஒன்றாக இருந்தால் ஒரு மூக்குத்திக்காக முழுக் கடனையும் கட்ட வேண்டிவரும்.

ஜூன் மாதம் திடீரென்று வருவதில்லை

கடன் வாங்கியதற்குக் காரணம் கேட்டால் "திடீர்ச் செலவு" என்பார்கள். ஆஸ்பத்திரிச் செலவு திடீர்ச் செலவுதான். அதற்காகத்தான் முதலமைச்சரின் காப்பீட்டு அட்டையையும், வங்கிக் கணக்கிலிருந்து ஆண்டுக்கு 20 ரூபாய் பிடிக்கும் விபத்துக் காப்பீட்டையும், 436 ரூபாய்க்கு இரண்டு லட்சம் தரும் ஆயுள் காப்பீட்டையும் விட்டுவிடக் கூடாது. ஆனால் பள்ளிக் கட்டணம்? ஜூன் மாதம் எல்லா வருடமும் ஜூலைக்கு முன்புதான் வருகிறது. தீபாவளி, ஊர்த் திருவிழா, வண்டி இன்சூரன்ஸ், தங்கை வீட்டுச் சீர், வீட்டு வரி எல்லாமே தேதி தெரிந்த செலவுகள். ஒரு வருடச் செலவை உட்கார்ந்து எழுதிப் பாருங்கள். 60,000 வந்தால், வாரம் சுமார் 1,150 ரூபாய். திருப்பூர்க் குடும்பத்தின் சனிக்கிழமைக் கூலியிலிருந்து அது தனியே போனால், ஜூனில் யார் வாசலுக்கும் போக வேண்டாம்.

எங்கே போட வேண்டும்? கைக்கு எட்டும் இடத்தில் வேண்டாம். அஞ்சலகத்திலோ வங்கியிலோ ஆர்.டி. போடலாம். பதிவு செய்த சீட்டு என்றால் அதுவும் சரி. சீட்டு நிறுவனம் எடுக்கும் கமிஷன் 7 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்பது சட்டம். பதிவு எண்ணைக் கேளுங்கள், சொல்லத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். அவசரத்துக்கு மூன்றாம் மாதமே தள்ளி எடுப்பவருக்குச் சீட்டு சேமிப்பில்லை, அதுவும் கடன்தான். லட்ச ரூபாய்ச் சீட்டை எழுபத்தைந்துக்கு எடுத்தவர் அந்த இருபத்தைந்தாயிரத்தையும் மேலே சொன்ன தாளில் எழுத வேண்டும். தெருவில் ஒருவர் பிடிக்கும் தீபாவளிச் சீட்டைப் பற்றி எழுதிச் சலித்துவிட்டது. ஒவ்வொரு ஐப்பசியிலும் எங்கோ ஒருவர் வீட்டைப் பூட்டிக்கொண்டு போகிறார்.

மாதம் ஆயிரம் ரூபாய் மகளிர் உரிமைத் தொகை வரும் வீட்டில் ஒன்று செய்து பார்க்கலாம். அந்தத் தொகை வரும் கணக்கை வீட்டுச் செலவுக்குத் தொடாமல், அவசரத்துக்கென்று விட்டுவிடுவது. வருடத்துக்குப் பன்னிரண்டாயிரம். மேலே சொன்ன தண்டல் அட்டையின் தொகையைவிட அது அதிகம். கடனில் இருக்கும்போது சேமிக்கலாமா, முழுவதையும் கடனுக்கே கட்டலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதிலும் இதுவே. ஒரு பத்தாயிரமாவது கையில் இல்லாமல் கடனை மட்டும் அடைத்தால், குழந்தைக்குக் காய்ச்சல் வரும் வாரத்தில் மறுபடி தண்டல்காரர் நினைவுதான் வரும்.

ஒரு கடன் முடிந்ததும் அந்தத் தவணைப் பணம் வீட்டுச் செலவில் கரையாமல் பார்த்துக்கொள்வது அடுத்த வேலை. தண்டல் அட்டை முடிந்தால் மாதம் 3,000 மிச்சம். அது அப்படியே கார்டுக்குப் போக வேண்டும். கார்டு முடிந்தால் அந்த 3,000-ம் சேர்ந்து குழுக் கடனுக்கு. பைக் தவணை முடியும் மாதத்தில் 5,167 ரூபாயும் சேர்ந்தால், நகை வீட்டுக்குத் திரும்பும் நாளைக் காலண்டரிலேயே குறித்துவிடலாம். இந்த ஒரு கட்டத்தில்தான் புது டிவி, புது போன் ஆசை எல்லாம் ஒன்றாக வந்து கதவைத் தட்டும். அந்தப் பட்டியலில் பூஜ்ஜிய வட்டி இ.எம்.ஐ.யும் உண்டு. செயல்முறைக் கட்டணத்தையும் கைவிட்ட தள்ளுபடியையும் கூட்டிப் பார்த்தால் அந்தப் பூஜ்ஜியத்துக்கும் ஒரு எண் வரும்.

புதிதாக எந்தக் கடன் வாங்கினாலும் 'முக்கிய விவர அறிக்கை' என்ற தாளைக் கேட்டு வாங்குங்கள். 2024 அக்டோபர் முதல் வங்கிகளும் நிதி நிறுவனங்களும் சில்லறைக் கடன்களுக்கு அதைக் கொடுத்தாக வேண்டும். பிளாட், கட்டணம், காப்பீடு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு மொத்தம் எத்தனை சதவீதம் என்று அதில் ஒரே வரியில் இருக்கும். கடன் தரும் செயலிகளுக்கும் இது பொருந்தும். உங்கள் போனில் உள்ள தொடர்பு எண்களையும் படங்களையும் எடுக்க அவற்றுக்கு அனுமதியில்லை. கேட்கும் செயலியை நிறுவாதீர்கள்.

கடைசித் தவணை கட்டிய அன்று பலரும் கோயிலுக்குப் போவார்கள். அதற்கு முன் கடன் கொடுத்த இடத்துக்கு ஒருமுறை போய்வர வேண்டும். நிலுவை இல்லை என்ற சான்று, வண்டியென்றால் ஆர்.சி. புத்தகத்தில் நிதி நிறுவனத்தின் பெயரை நீக்கும் படிவம், கொடுத்து வைத்த வெற்றுக் காசோலைகள், கையெழுத்து மட்டும் போட்ட புரோநோட்டு, வெற்றுப் பத்திரம் எல்லாம் திரும்பக் கைக்கு வர வேண்டும். வீட்டுப் பத்திரத்தை வைத்து வாங்கிய கடன் முடிந்தால் 30 நாளுக்குள் வங்கி பத்திரத்தைத் தர வேண்டும், தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு என்று 2023 டிசம்பர் முதல் விதி. ஓரிரு மாதம் கழித்து, ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாகக் கிடைக்கும் சிபில் அறிக்கையை எடுத்து, அந்தக் கடன் 'முடிந்தது' என்று இருக்கிறதா, 'செட்டில்மென்ட்' என்று இருக்கிறதா என்று பாருங்கள். பேரம் பேசிக் குறைத்துக் கட்டியவர்களுக்கு இரண்டாவதுதான் வரும், அது அடுத்த வீட்டுக்கடனுக்கு இடைஞ்சல். முழுவதும் கட்டியும் அப்படி வந்திருந்தால், கட்டிய ரசீதோடு அந்த அறிக்கை நிறுவனத்துக்கே எழுதித் திருத்தச் சொல்லுங்கள்.